மஞ்சள் வயர்

பிப்ரவரி 6, திங்கள்

கேபிள் டிவியில் படம் புகையாக இருக்கிறது என்று என் மனைவி கனி இன்றும் சொன்னாள். பொங்கலிலிருந்து இதே பாட்டு. போய்ப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. நாற்பது வருஷம் டிவி ரிப்பேர் பார்த்தவனுக்குப் படம் எது புகை எது என்று தெரியாதா? அவள் சேலைத் தலைப்பால் டிவியைத் துடைத்தாள். தள்ளி நின்று பார்த்தாள். மறுபடியும் துடைத்தாள்.

எங்கள் தெருவுக்குக் கேபிள் கொடுக்கும் செந்தூர்பாண்டிக்குப் போன் போட்டேன். சாயங்காலம் வந்தார். பெட்டியைத் தட்டினார், வயரைக் கழற்றி மாட்டினார், ஒரு குறையும் இல்லை அண்ணாச்சி என்றார். இப்போது எப்படி மைனி என்று கனியைக் கேட்டதற்கு, கொஞ்சம் தேவலை என்றாள். அவர் ஒன்றுமே செய்யவில்லை என்பது எனக்குத் தெரியும். வீடு தேடி வந்த மனுஷனுக்கு மரியாதைக்குச் சொல்லியிருக்கிறாள்.

கேபிளே வேண்டாம், மொட்டை மாடியில் டிஷ் வைத்துவிடுவோம் என்று முடிவு செய்துவிட்டேன். கட்டடச் சொந்தக்காரருக்கு இடம் வேண்டும் என்று என் கடை லிங்கத்துரை ரேடியோஸைத் தீபாவளியோடு பூட்டியாகிவிட்டது. ஸ்குரூ டிரைவர் பிடித்த கை மூன்று மாதமாகச் சும்மா கிடக்கிறது. ஹார்டுவேர் கடையில் கொடுத்த இந்த டைரியில் ஜனவரி முழுக்க வெற்றுப் பக்கம். இன்றைக்குத்தான் எழுத ஒரு விஷயம் கிடைத்தது.

பிப்ரவரி 9, வியாழன்

டிஷ் சாமான் விற்கும் ஜெபராஜ் கடையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு அடி டிஷ் ஒன்று இருக்கிறது. கம்பெனி ஆள் வந்து அரை மணி நேரத்தில் மாட்டிவிட்டுப் போய்விடுவார். மாதச் சந்தா கட்டிக்கொண்டு பேசாமல் பார்க்கலாம். ஆறடி டிஷ் இன்னொன்று. ஆகாயத்தில் இலவசமாக வருகிற சேனலையெல்லாம் பிடிக்கும், ஆனால் திசையும் சாய்வும் நாமே பார்த்து வைக்க வேண்டும், நூலிழை பிசகினாலும் ஒன்றும் வராது. இதில் எனக்கு எது என்று கேட்கவே வேண்டாம். ஆறடியிலும் வலை, தகடு என்று இரண்டு. கடற்காற்றுக்கு வலைதான் நிற்கும் என்றார் ஜெபராஜ். தகடுதான் படத்தைச் சுத்தமாகக் கொடுக்கும் என்றேன் நான். கனிக்குப் புகை தெரியக் கூடாது, அவ்வளவுதான் கணக்கு. தகடே எடுத்தேன். ரிசீவர் பெட்டி, சிக்னலை வாங்க நடுவில் மாட்டும் எல்என்பி, முப்பது மீட்டர் வயர், எல்லாம் ஆயிற்று.

சிக்னல் பார்க்க ஒரு மீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள், கையிலேயே எண் காட்டும், மாடிக்கும் கீழுக்கும் அலைய வேண்டாம் என்றார். "நம்ம வீட்டுலயே மீட்டர் இருக்கு ஜெபராஜ். நாப்பது வருசமா ரிப்பேரே ஆனதில்ல" என்றேன். அவருக்குப் புரியவில்லை. முத்தையாபுரத்து ஆண்டெனா கதையை ஒரு தடவை சொன்னேன். ஏற்கனவே கேட்டிருக்கிறேன் அண்ணாச்சி என்றார். இருந்தாலும் முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் எழுந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் கனி காப்பி ஊற்றினாள். டம்ளருக்குள் ஒரு விரலை விட்டுக்கொண்டு ஊற்றினாள். இது என்ன புதுப் பழக்கம் என்று சத்தம் போட்டேன். சூடு பார்த்தேன் என்றாள்.

பிப்ரவரி 12, ஞாயிறு

டிஷ்ஷுக்கு மாடியில் நட்ட குழாயின் சிமெண்டு காய வேண்டும், இன்று வேலை இல்லை. முத்தையாபுரத்துக் கதையை எழுதியாவது வைக்கிறேன். வாயால் சொன்னால் இப்போதெல்லாம் யாரும் உட்கார்ந்து கேட்பதில்லை.

எண்பத்து நான்கு. எனக்கு இருபத்து நான்கு வயது, பெரிய ரேடியோ கடை ஒன்றில் வேலை. தூத்துக்குடியில் அப்போது இலங்கை டிவிதான். கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிற சிக்னலைப் பிடிக்க ஒவ்வொரு வீட்டு மேலேயும் நாற்பது அடிக்குக் குழாய் நட்டு, உச்சியில் மீன்முள் மாதிரி ஆண்டெனாவைக் கட்டுவோம். காற்று மாறினால் படமும் மாறும். வாரத்தில் ஒரு தமிழ்ப் படம் வருகிற அன்றைக்குத் தெருவில் ஆள் நடமாட்டமே இருக்காது. டிவி இருக்கிற வீட்டுக்காரர் பாயைப் போட்டு, தண்ணீர்ப் பானையும் வைத்துவிடுவார்.

முத்தையாபுரத்தில் உப்பளத்துக் கணக்கர் ஒருவர் வீட்டுக்கு ஆண்டெனா கட்டப் போனேன். நான் ஓட்டின் மேல் குழாயைத் திருப்ப, கீழே ஒருவர் டிவியைப் பார்த்துச் சொல்ல வேண்டும். மற்ற வீடுகளில் "வரல", "வந்துட்டு" என்பதோடு சரி. வந்தது எவ்வளவு, வராதது எவ்வளவு என்று ஒருவருக்கும் சொல்லத் தெரியாது. அந்த வீட்டில் கணக்கரின் மகள் ஜன்னல் ஓரம் நின்று சொன்னாள். மழை பெய்கிறது என்றாள். மழை கொஞ்சம் விட்டிருக்கிறது, ஆள் தெரிகிறது, ஆனால் ஆளுக்குப் பக்கத்தில் இன்னோர் ஆள் நிழல் மாதிரி நிற்கிறது என்றாள். செய்தி வாசிக்கிற அம்மாவுக்கு மூக்கு இரண்டாகத் தெரிகிறது என்றாள். எனக்குக் கீழே எட்டிப் பார்க்காமலே படம் முழுக்கத் தெரிந்தது. இப்படி ஒரு மீட்டர் உலகத்தில் எந்தக் கம்பெனியும் செய்ததில்லை.

காலை பத்து மணிக்கு ஏறியவன் மூன்று மணிக்குத்தான் இறங்கினேன். என் ஆயுசில் கட்டிய ஆண்டெனாவில் அதுதான் கஷ்டமானது. சிக்னல் வருவதும் போவதுமாக அப்படிப் படுத்தியது. உப்புக் காற்று என்று நினைத்துக்கொண்டேன். முதுகு தோலுரிந்து போயிற்று. ஆனாலும் அடுத்த வாரம் ஆண்டெனா சரியாக நிற்கிறதா என்று பார்க்க, யாரும் கூப்பிடாமலே நானாகப் போனேன். வருஷம் திரும்புவதற்குள் சுயம்புக்கனி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

இதை எழுதும்போது பக்கத்தில்தான் இருந்தாள். என்ன எழுதுகிறேன் என்று கேட்டாள். சொன்னதும் சிரித்தாள். இந்தக் கதைக்கு அவள் எப்போதும் இப்படித்தான் சிரிப்பாள். நீயே படி என்று டைரியை நீட்டினேன். கை ஈரமாக இருக்கிறது, நீங்களே வாசியுங்கள் என்றாள். வாசித்துக் காட்டினேன்.

பிப்ரவரி 14, செவ்வாய்

குழாய் நன்றாக இறுகிவிட்டது. தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தேன், அசையாமல் நேராக நிற்கிறது. வடக்கே டிஷ் நிமிர்ந்து நிற்குமாம். நம் ஊரில் ஏறக்குறைய தலைக்கு மேலேயே செயற்கைக்கோள் இருப்பதால் டிஷ் மல்லாந்துதான் கிடக்க வேண்டும். காக்காய்க்கு நல்ல வசதி.

காலையில் ஒரு கூத்து. மாட்டுவதற்காக மாடியில் கழற்றி வைத்திருந்த டிஷ்ஷுக்குள் கனி மோர்மிளகாயைக் காயப் போட்டு வைத்திருக்கிறாள். பக்கத்திலேயே வெள்ளை வேட்டி விரித்துக் கிடக்கிறது, அதில் ஒரு மிளகாய்கூட இல்லை. ஆறடித் தகட்டுக்கும் வேட்டிக்கும் வித்தியாசம் தெரியாதா என்று கேட்டேன். குனிந்து தகட்டைத் தடவிப் பார்த்தாள். பிறகு, "இம்புட்டு பெரிய தட்டு வாங்கிட்டு வந்தா, மிளகா காயப் போடத்தான் தோணும்" என்றாள். பக்கத்து வீட்டுப் பிரேமா கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன். தகட்டைக் கழுவித் துடைத்தேன். மோர் வாடை போகவில்லை.

பிப்ரவரி 17, வெள்ளி

வந்துவிட்டது!

காலை ஏழரைக்கு ஆரம்பித்து ஒன்பதுக்கெல்லாம் பிடித்துவிட்டேன். மூன்று மாதத்துக்குப் பிறகு உடம்பில் வேர்வை. விசில்கூட அடித்தேனாம், கனி கீழேயிருந்து சொன்னாள். "சத்தம் வருது, சத்தம் வருது" என்றுதான் முதலில் குரல் கொடுத்தாள். டிஜிட்டலில் சத்தம் வந்தால் படமும் சேர்ந்தே வரும். நட்டை முறுக்கிவிட்டு இறங்கினேன்.

படம் அப்படி ஒரு சுத்தம். யானை ஒன்று ஆற்றில் குளிக்கிறது, அதன் தோல் சுருக்கத்தை எண்ணலாம். புகை போச்சா என்று கேட்டேன். கனி எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போனாள். மூக்கு இடிக்கிற தூரத்தில் நின்று இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை பார்த்தாள். விரலால் தொட்டாள்.

"போயிட்டு" என்றாள். "நல்லா தெரியுது. நீங்க சாப்பிடுங்க."

அடுப்படிக்குள் போனவள் நெடுநேரம் வெளியே வரவில்லை. நான் போய்ப் பார்த்தபோது கண்ணெல்லாம் சிவந்திருந்தது. வெங்காயம் என்றாள். இட்லிக்குத் தேங்காய்ச் சட்னிதான் அரைத்திருந்தாள்.

பிப்ரவரி 18, சனி

கனி டிவி பக்கமே வரவில்லை. மாவாட்ட வேண்டும் என்றாள். யாருக்காக இவ்வளவு பாடுபட்டேன்?

பிப்ரவரி 22, புதன்

பஹ்ரைனிலிருந்து மகள் சுதா வீடியோவில் கூப்பிட்டாள். பேரனின் புதுக் கண்ணாடியைக் காட்டி, எப்படி இருக்கிறது என்று கேட்டாள். அழகாக இருக்கிறது என்றாள் கனி. என்ன கலர் சொல்லுங்க பார்ப்போம் என்று அவன் விளையாட்டாகக் கேட்டதும், அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று எழுந்து போய்விட்டாள். பால் ஒன்றும் வைக்கவில்லை.

சாயங்காலம் வாசலில் பிரேமா நின்றாள். வா மல்லிகா என்று கூப்பிட்டாள் கனி. பிரேமா வாயைத் திறந்து பேசிய பிறகுதான், அட பிரேமாவா என்றாள். பேப்பர் படிப்பதையும் விட்டுவிட்டாள். அதில் என்ன இருக்கிறது, எல்லாம் ஒரே சண்டை என்கிறாள். சர்க்கரை மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாளா என்று கேட்க வேண்டும்.

பெரிய டிஷ்ஷை வைத்துக்கொண்டு ஒரே செயற்கைக்கோளோடு நிற்பது பாவம். மேற்கே இன்னொன்று இருக்கிறது. அதில் பழைய பாட்டாகப் போடுகிற சேனல் ஒன்று வருகிறதாம். அதற்குத் திருப்பப் போகிறேன்.

பிப்ரவரி 24, வெள்ளி

காற்று. ஏணியில் கால் வைக்க முடியவில்லை.

பிப்ரவரி 26, ஞாயிறு

கோபத்தோடு எழுதுகிறேன்.

மேற்குக் கோள் லேசில் சிக்கவில்லை. ரிசீவரில் சிக்னல் அளவைக் காட்டும் பக்கத்தை டிவியில் போட்டுவிட்டு, அதில் தரம் என்று ஒரு கம்பி ஓடும், அதற்கு எதிரே எண் வரும், அந்த எண்ணை மட்டும் சொல் என்று கனிக்குப் படித்துப் படித்துச் சொன்னேன். வெயிலில் ஒன்றேகால் மணி நேரம். எவ்வளவு என்று கேட்டால் இருபது என்கிறாள். இரண்டு விரல் திருப்பினால் முப்பது. அப்புறம் நாற்பது. அப்புறம் அறுபது என்றாள். கம்பி என்ன கலர் என்றேன். பச்சை என்றாள். அடித்தோம் பரிசு என்று எல்லா நட்டையும் முறுக்கி, குழாயில் பெயிண்டால் அடையாளமும் போட்டுவிட்டு இறங்கினேன்.

கீழே வந்து பார்க்கிறேன். தரம், சைபர். கம்பி என்று ஒன்றே இல்லை.

கத்திவிட்டேன். இவ்வளவு பெரிய எண்ணைப் பார்த்துச் சொல்லத் தெரியாதா, உன் புத்தி எங்கே மேயப் போயிருக்கிறது, நான் இங்கே உயிரைக் கொடுத்து யாருக்காகச் செய்கிறேன் என்று என்னென்னவோ. பிரேமா வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டார்கள். கனி சோபா நுனியில் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்க்கவில்லை, என் தோளுக்குப் பக்கத்தில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெயில்ல ரொம்ப நேரம் நிக்கியளேன்னு சொன்னேன்" என்றாள்.

அப்படியென்றால் முதலிலேயே இறங்கச் சொல்லியிருக்கலாமே. எண்ணை எதற்கு இட்டுக்கட்ட வேண்டும்? முத்தையாபுரத்தில் மூக்கு இரண்டு என்று சொன்னவளா இவள்?

பிப்ரவரி 27, திங்கள்

பேசிக்கொள்ளவில்லை.

மார்ச் 1, புதன்

நேற்று இரவே சமாதானம் ஆகிவிட்டது. கத்தரிக்காய்ப் பொரியல் வைத்திருந்தாள். நானும் உப்பு கூட என்று சொல்லாமல் சாப்பிட்டேன்.

அவளுக்கு ஒரு சந்தோஷம் செய்யலாம் என்று தோன்றியது. எங்கள் கல்யாணத்துக்கு நானே என் கையால் செய்த ஆம்ப்ளிஃபயரும் இரண்டு ஸ்பீக்கர் பெட்டியும் பரணில் கிடந்தன. இறக்கித் துடைத்து, வால்யூம் திருகியின் கரகரப்பை எடுத்தேன். ரிசீவர் பெட்டியிலிருந்து டிவிக்கு மூன்று வயர் போகிறது. சிவப்பும் வெள்ளையும் சத்தம், மஞ்சள் படம். மூன்றையும் டிவியிலிருந்து பிடுங்கி, சிவப்பையும் வெள்ளையையும் ஆம்ப்ளிஃபயரில் சொருகினேன். மேற்குக் கோளை இன்றைக்கு விடுவதில்லை என்று மாடிக்கு ஓடினேன். எண் கேட்க மாட்டேன், பாட்டு வந்தால் மட்டும் சொல் என்று அவளிடம் சொல்லியிருந்தேன்.

இருபது நிமிஷத்தில் கிடைத்துவிட்டது. பாட்டு மாடிவரைக்கும் கேட்டது. அந்த ஸ்பீக்கரில் பாட்டுக் கேட்டுப் பதினைந்து வருஷமாவது இருக்கும். எங்கள் கல்யாண மண்டபத்தில் அதை வைத்துவிட்டு, மாப்பிள்ளைக் கோலத்தில் நானே எழுந்துபோய் வயரைச் சரி பண்ணியதும், மாமனார் தலையில் அடித்துக்கொண்டதும் ஞாபகம் வந்தது. படம் எப்படி என்று கத்தினேன்.

"கண்ணாடி மாதிரி இருக்கு" என்றாள் கனி. "இனிமே கைய வைக்காதிய. இறங்கி வாங்க."

இறங்கி வந்தேன். ஸ்பீக்கரில் பாட்டு ஓடுகிறது. டிவி முழுக்க நீலம். படமே இல்லை, வெறும் நீலம். அவசரத்தில் நான் மஞ்சள் வயரை டிவியில் திருப்பிச் சொருகவில்லை. அது பெட்டிக்குப் பின்னால் தொங்குகிறது. கனி சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்து, அந்த நீலத்தைப் பார்த்துத் தாளம் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

நான் பேசாமல் நிற்பதிலேயே ஏதோ தப்பு என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. தாளம் நின்றது.

"கனி, டிவியில என்ன தெரியுது?"

"பாட்டுதான்."

"படத்துல என்ன தெரியுது?"

கழுத்தை முன்னால் நீட்டிப் பார்த்தாள். "நீலமா இருக்கு. கடல் காட்டுதான்னு நினைச்சேன்."

பாட்டை நிறுத்தப் போனேன். திருகியை இந்தப் பக்கம் திருப்புவதற்குப் பதில் அந்தப் பக்கம் திருப்பிவிட்டேன். வீடே அதிர்ந்தது.

மார்ச் 3, வெள்ளி

திருநெல்வேலி. கண் ஆஸ்பத்திரி. கண்ணில் மருந்து விட்டு, உட்கார வைத்து, மறுபடி விட்டு, சாயங்காலம் நான்கு மணி ஆகிவிட்டது.

சர்க்கரை கண்ணுக்குப் போயிருக்கிறது. இரண்டு கண்ணிலும் நடுவில் நீர் கோத்திருக்கிறது, வலது கண்ணில் ரத்தமும் கசிந்திருக்கிறது. அதனால்தான் ஓரம் ஓரமாகத் தெரிகிறது, நேரே பார்ப்பது தெரியவில்லை. நடக்கிறாள், வாசல்படி தெரிகிறது, முகம் தெரிவதில்லை. வலது கண்ணுக்கு உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. இடது கண்ணுக்கு மாதம் ஓர் ஊசி போட்டு, சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால், இருப்பதைக் காப்பாற்றலாம், கொஞ்சம் திரும்பவும் வரலாம். எப்போதிலிருந்து மங்கல் என்று கேட்டார். கனி என் பக்கம் திரும்பினாள். பொங்கலிலிருந்து என்று நான்தான் சொன்னேன்.

"அப்பவே கூட்டிட்டு வந்திருக்கலாமே சார். இதுல ஒவ்வொரு வாரமும் கணக்கு."

சார் என்ன சொல்வார்? கேபிள்காரரைக் கூப்பிட்டேன் என்றா?

மார்ச் 4, சனி

டைரியை முதலிலிருந்து வாசித்தேன்.

எல்லாம் இருக்கிறது. என் கையெழுத்தில், நீல மையில், தேதி போட்டு இருக்கிறது. டம்ளருக்குள் விரல். வேட்டியை விட்டுவிட்டுத் தகட்டில் மிளகாய். பேரன் கண்ணாடி. பிரேமாவை மல்லிகா என்றது. கை ஈரம், நீங்களே வாசியுங்கள் என்றது. ஒன்றையும் விடவில்லை. ரிப்பேருக்கு வந்த செட்டில் என்ன குறை என்று சீட்டில் எழுதி ஒட்டுவேனே, அதே மாதிரி ஒவ்வொன்றாக எழுதி வைத்துவிட்டு, செட்டைத் திறந்தே பார்க்கவில்லை. பிப்ரவரி ஆறாம் தேதி அவள் என்னிடம் சொன்னாள். படம் புகையாக இருக்கிறது என்றாள். நான் டிவியைத்தான் பார்த்தேன். அவளைப் பார்க்கவில்லை.

இருபத்தாறாம் தேதிப் பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று நினைத்தேன். கிழிக்கவில்லை. இருக்கட்டும், அது எனக்கு வேண்டும்.

மார்ச் 10, வெள்ளி

முதல் ஊசி. கண்ணுக்குள்ளேயே போடுகிறார்கள். நான் வெளியே நின்றேன். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. இடது கண்ணுக்குக் கட்டுப் போட்டுக் கூட்டிவந்தார்கள். வலது கண்ணால் என்ன தெரியும் அவளுக்கு, என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி பெஞ்சில் இரண்டு மணி நேரம் இருக்கச் சொன்னார்கள்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். முதலில் டிவியில்தான் கோளாறு என்று அவளும் நம்பியிருக்கிறாள். டிஷ் வைத்து, யானை குளித்ததே, அன்றைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தபோதுதான் புரிந்ததாம். புது டிஷ்ஷிலும் அதே புகை, அப்படியானால் புகை தன் கண்ணில் என்று.

"கடையப் பூட்டுனதுல இருந்து சுவரப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்திய. நான் பக்கத்துல வந்தாக்கூடத் தெரியாது. டிஷ் வாங்குன பெறகுதான் விசில் அடிச்சிய. கண்ணுன்னு சொன்னா அன்னைக்கே மாடிய விட்டு இறங்கிருவியளேன்னு இருந்துட்டேன்."

என் விசிலுக்காக ஒரு கண்ணைக் கொடுத்திருக்கிறாள். எனக்கு அழுகை வந்தது. கட்டுப் போட்டிருக்கிறாள், தெரியாது என்று நினைத்து அழுதேன். மூக்கை உறிஞ்சாதீர்கள், பக்கத்தில் ஆள் இருக்கிறது என்றாள்.

"ஏளா, எங்கிட்டப் பொய் சொல்லலாமா? உன்னய நம்பித்தானே நாப்பது வருசம் ஏறி இறங்குனேன்" என்றேன்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணை அசைக்கக் கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்ததால் அடக்கிக்கொண்டு சொன்னாள். "முத்தையாபுரத்துல என்ன உண்மையா சொன்னேன்? நீங்க ஏறிப் பத்து நிமிசத்துல படம் வந்துட்டு. எங்க அம்மா உள்ள உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தா. மூக்கு ரெண்டுன்னதெல்லாம் நானா சொன்னது."

பத்தேகால் மணிக்குள் வந்த படத்துக்கு மூன்று மணிவரை ஓட்டின் மேல் நின்றிருக்கிறேன். தோலுரிந்திருக்கிறேன். உப்புக் காற்று, உப்புக் காற்று என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். ஜெபராஜுக்கு மட்டும் இரண்டு தடவை. ஏன் என்று கேட்டதற்கு, "எறங்குனா போயிருவியல்லா" என்றாள்.

பெஞ்சில் பக்கத்தில் இருந்த அம்மா எங்கள் இரண்டு பேரையும் ஒரு மாதிரி பார்த்தார்.

மார்ச் 29, புதன்

மஞ்சள் வயரைச் சொருகியாயிற்று. டிவியைப் போடவில்லை. காலையில் பேப்பரை நான் சத்தமாக வாசிக்கிறேன். எல்லாம் ஒரே சண்டைதான், அவள் சொன்னது சரி. காப்பி நான் ஊற்றுகிறேன்.

ஏப்ரல் 7, வெள்ளி

இரண்டாவது ஊசி. சுவரில் மாட்டியிருக்கும் எழுத்துப் பலகையில் போன மாதம் முதல் வரியோடு நின்றாள். இன்று மூன்றாவது வரியில் இரண்டு எழுத்துச் சொன்னாள். ஒன்று தப்பு. வலது கண் அப்படியேதான் இருக்கிறது.

வருகிற வழியில் ஜெபராஜ் கடையில் மீட்டர் வாங்கினேன். வீட்டு மீட்டர் என்ன ஆயிற்று அண்ணாச்சி என்று கேட்டார். சர்வீசுக்குப் போயிருக்கிறது என்றேன்.

ஏப்ரல் 16, ஞாயிறு

இரண்டு நாள் அடித்த காற்றில் டிஷ் நகர்ந்துவிட்டது. பாட்டுச் சேனல் வேண்டும் என்று கனியே கேட்டாள். காலை எட்டு மணிக்கு மாடிக்குப் போனேன். நீ உட்கார வேண்டாம், கையில் எண் காட்டுகிற மீட்டர் இருக்கிறது என்றேன். அவள் கேட்கவில்லை. சோபாவை டிவிக்கு முன்னால் நான்கு அடியில் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். தெரிவதை மட்டும் சொல்ல வேண்டும், தெரியாததைத் தெரியவில்லை என்று சொல்ல வேண்டும்.

பத்து நிமிஷத்தில் மீட்டரில் எழுபத்தெட்டு வந்தது. ஸ்பானரை எடுத்து நான்கு நட்டையும் முறுக்கினேன். இறங்கிவிடலாம். கீழே பாட்டு கேட்கிறது.

இறங்காமல், என்ன தெரிகிறது என்று கேட்டேன்.

"நீலம் இல்ல" என்றாள். "செவப்பா என்னமோ அசையுது. சேலை. பொம்பளதான்."

"மூக்கு?"

"ஒண்ணுகூடத் தெரியல. பக்கத்துல ஒசரமா ஒரு ஆளு நிக்கான். இல்ல, மரம். மரம்தான், ஆடுது."

டிஷ்ஷைத் தொடவே இல்லை. கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு, இப்போது என்றேன். சேலை பச்சையாகிவிட்டது என்றாள். இப்போது என்றேன். ஆள் பக்கத்தில் வந்துவிட்டான், வெள்ளைச் சட்டை, வாய் அசைகிறது மாதிரி இருக்கிறது, நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றாள். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். கீழே எட்டிப் பார்க்காமலே எனக்குப் படம் தெரிந்தது. அவளுக்கு எவ்வளவு தெரிகிறதோ அவ்வளவு தெரிந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மறுபடியும் கேட்டேன்.

கீழே சோபா நகரும் சத்தம் கேட்டது. பிறகு ஜன்னல் பக்கமிருந்து குரல் வந்தது.

"நட்ட முறுக்குன சத்தம் அப்பமே கேட்டுட்டு. கால் மணி நேரமா சும்மா நின்னுக்கிட்டு இன்னும் என்ன கேள்வி? இறங்கி வாங்க."

பத்திலிருந்து மூன்றுவரை நிறுத்தி வைத்தவள் கால் மணி நேரத்துக்குக் கணக்குக் கேட்கிறாள். இன்னும் இரண்டு கேள்வி கேட்டுவிட்டுத்தான் இறங்கினேன்.